கையெழுத்து கேட்டு வீட்டுக்கு வரும் புத்தகம்

ஆகஸ்ட் 15 நெருங்கிவிட்டால் என் கடையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அக்கா, கிராமசபை எத்தனை மணிக்குங்க?" கேட்பவர்களில் பாதிப்பேர் கேரளத்தில் ஓட்டு உள்ளவர்கள். சுதந்திர தினத்தன்று கிராமசபை கூட்ட வேண்டும் என்று அவர்களுடைய பஞ்சாயத்துச் சட்டம் சொல்லவில்லை. அது தமிழ்நாட்டு ஏற்பாடு.

ஆனைகட்டியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொடுங்கரைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் கோயம்புத்தூர் மாவட்டம், அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியின் சோலையூர் கிராம பஞ்சாயத்து. பாலத்தைக் கடந்து கடைக்குப் போவோம், பெண் கொடுப்போம், எடுப்போம். ஜெராக்ஸ் எடுப்பதும் மனு எழுதிக்கொடுப்பதும் என் பிழைப்பு. தமிழிலும் எழுதுகிறேன், மலையாளத்திலும் எழுதுகிறேன். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பேரை அல்ல, ஓட்டு எந்தப் பக்கம் என்பதைத்தான். அதைப் பொறுத்தே சட்டமும் அதிகாரியும் மாறிவிடுகிறார்கள்.

கேரளத்தில் வாழும் தமிழர்களுக்குப் பஞ்சாயத்து அறிவு தமிழ்த் தொலைக்காட்சியிலிருந்தும் தமிழ்ப் பத்திரிகையிலிருந்தும் வருகிறது. அவை தமிழ்நாட்டுக் கிராமசபையைத்தான் சொல்லித்தருகின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்கள். பிறகு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. முழு ஊராட்சிக்கும் ஒரே சபை. மக்கள்தொகையைப் பொறுத்து எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 200 பேர். இதெல்லாம் எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம். தங்களுக்கு உரிய சட்டம் மட்டும் தெரியாது. இரண்டு மாநிலச் சட்டங்களும் 1994 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தன. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம்தான் இரண்டுக்கும் தாய். ஆனால் கிராமசபை விஷயத்தில் இரண்டும் வேறு வேறு வழியில் போயிருக்கின்றன.

கேரளத்தில் கிராமசபை வார்டுக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூட்ட வேண்டிய பொறுப்பு வார்டு மெம்பருடையது. வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கோரம். அந்தப் பகுதியின் பிளாக் மெம்பர், ஜில்லா மெம்பர், எம்.எல்.ஏ. மூவரையும் அழைத்தே ஆக வேண்டும். முடிவுகளைப் புத்தகத்தில் எழுத ஓர் அதிகாரி இருக்க வேண்டும். பஞ்சாயத்தின் வரவு செலவு, நம் வார்டுக்கு ஒதுக்கிய பணம், நடக்கும் வேலையின் எஸ்டிமேட், சாமான்களின் விலை வரை கேட்டுத் தெரிந்துகொள்ள சபைக்கு உரிமை உண்டு. வீடு, ஆடு, கழிப்பறை என்று எந்தத் திட்டமானாலும் யாருக்கு முதலில் என்ற வரிசையைச் சபைதான் போடுகிறது. சபை போட்ட வரிசையைப் பஞ்சாயத்துக் கமிட்டி மாற்றக்கூடாது. 1996 ஆகஸ்ட் 17இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கமும், மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிக்கு என்று அரசு அப்போது எடுத்த முடிவும், அதிகாரப் பரவலுக்கான சென் கமிட்டி பரிந்துரைகளுக்குப் பிறகு 1999இல் வந்த திருத்தமும் சேர்ந்து கொடுத்த பலம் இது.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிற விதிகள் இரண்டு உண்டு. வார்டில் பத்து சதவீத வாக்காளர்கள் எதைப் பேச வேண்டும் என்ற அஜண்டாவோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பதினைந்து நாளுக்குள் மெம்பர் சிறப்புக் கிராமசபை கூட்டியாக வேண்டும். இரண்டு சாதாரணக் கூட்டங்களுக்கு நடுவில் இப்படி ஒருமுறை கேட்கலாம். அடுத்தது, தொடர்ந்து இரண்டு முறை கிராமசபையைக் கூட்டத் தவறுகிற மெம்பர் பதவிக்கே தகுதி இழப்பார். அதைத் தீர்மானிப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். அங்கே மனு கொடுக்க இன்னொரு மெம்பர்தான் வேண்டும் என்பதில்லை, அந்த வார்டில் ஓட்டுள்ள யாரும் கொடுக்கலாம். கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் கையில் இவ்வளவு இருக்கிறது. அவளுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அட்டப்பாடியில் ஒரு வார்டு. எது என்பது இங்கே வேண்டாம். ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. கோடையில் குழாய்க்கிணற்று மோட்டார் நின்றுபோனது. குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் சிலர் வந்து, "எழுதிக் குடுங்கக்கா, கலெக்டருக்குப் போகோணும்" என்றார்கள். கலெக்டருக்கு எழுதலாம், பாலக்காடு வரை போய்க் கொடுத்துவிட்டு வருவதற்கு ஒரு நாள் கூலி போகும், மனு சுற்றிக்கொண்டு திரும்பப் பஞ்சாயத்துக்கே வரும். சிறப்புக் கிராமசபையைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் வாக்காளர் பட்டியலை நகல் எடுத்துக்கொண்டு போய், பேருக்கு எதிரே பட்டியல் எண்ணும் கையெழுத்துமாக வாங்கி வந்தார்கள். பத்து சதவீதத்துக்கு மேலேயே வாங்கினார்கள், இரண்டு பேர் ஓட்டு இல்லாதவர் என்று தள்ளினாலும் கணக்கு குறையாமல் இருக்கட்டும் என்று. அஜண்டாவில் ஒரே விஷயம்: மோட்டார் என்ன ஆனது, சரிசெய்ய எவ்வளவு பணம், எந்தத் தேதி. கொடுத்ததற்கு ரசீது வாங்கினார்கள்.

கூட்டம் அங்கன்வாடியில் நடந்தது. நல்ல பேச்சு. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். முடியும்போது அதிகாரி மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: குடிநீர்ப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது. மலையாளத்தில் எழுதியிருந்தார். பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி அதை உரக்க வாசித்தாள். வாசித்ததும் யாரும் எழுந்து போகவில்லை. மோட்டார் எந்த இடத்து மோட்டார், எந்தப் பணத்திலிருந்து, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று நான்கையும் தீர்மானமாக எழுதச் சொன்னார்கள். எழுதிய பிறகு மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். மோட்டார் சொன்ன தேதிக்கு வரவில்லை, தாமதமாகத்தான் வந்தது. ஆனால் ஏன் தாமதம் என்று அடுத்த சபையில் கேட்க அவர்கள் கையில் எழுத்து இருந்தது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பஞ்சாயத்து இருந்தது. விவாதிக்கப்பட்டது என்ற வரியை வைத்துக்கொண்டு யாரையும் எதையும் கேட்க முடியாது.

எழுத்தில் என்ன இருக்கிறது என்பதால் எவ்வளவு மாறும் என்பதற்கு பாலக்காடு மாவட்டத்திலேயே உலகம் அறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. சித்தூர் தாலுகா, பெருமாட்டி கிராம பஞ்சாயத்து, பிளாச்சிமடை. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் கொக்கோ கோலா ஆலை அங்கே ஓடத் தொடங்கியது. லைசென்ஸ் கொடுத்தது அதே பஞ்சாயத்துதான். கொஞ்ச காலத்திலேயே சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. 2002 ஏப்ரல் 22இல் எரவாளர், மலசர் பழங்குடி மக்கள் ஆலை வாசலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். எரவாளர் பெண்ணான மயிலம்மா முன்னே நின்றார். உலகம் முழுக்கப் பேசப்பட்டது அந்தப் போராட்டப் பந்தல். நான் பேச வருவது பந்தலைப் பற்றி அல்ல, பஞ்சாயத்து எழுதிய தீர்மானத்தைப் பற்றி.

2003 ஏப்ரல் 7இல் பெருமாட்டி பஞ்சாயத்துக் கமிட்டி, ஆலை நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சுவதால் குடிநீர்த் தட்டுப்பாடு, ஆகவே பொதுநலன் கருதி லைசென்ஸைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தது. பிறகு ஆலையை மூடவும் உத்தரவிட்டது. கம்பெனி மேலே போனது. நிபுணர் குழுவை வைத்து ஆராய்ந்த பிறகு முடிவெடு, அதுவரை ஆலை ஓடட்டும் என்று மாநில அரசு பஞ்சாயத்துக்குச் சொன்னது. தன் சொந்த அரசை எதிர்த்து ஒரு கிராமப் பஞ்சாயத்து உயர்நீதிமன்றம் போனது. அந்தத் துணிச்சலுக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன்.

2003 டிசம்பர் 16இல் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பளித்தார். நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசும் பஞ்சாயத்தும் அதற்குக் காவலர்கள், அளவுக்கு மீறிய உறிஞ்சலைத் தடுப்பது அவர்கள் கடமை என்று அதில் சொன்னார். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீரை அதிகமாக எடுக்கிறார்கள் என்பதற்காக ஆலை முழுவதையும் மூடச் சொல்லப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்லை. நிலத்தடி நீரை எடுக்காதே, வேறு இடத்தில் தண்ணீர் பார்த்துக்கொள் என்றுதான் சொல்லியிருக்கலாம் என்றார் நீதிபதி. பஞ்சாயத்தின் கவலை சரி. சொன்ன காரணம் சரி. எழுதிய உத்தரவு மட்டும் சட்டம் கொடுத்த எல்லையைத் தாண்டிவிட்டது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு இன்னும் பின்னால் இழுத்தது. நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றும், லைசென்ஸை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதற்கு முன்பே 2004 மார்ச்சில் ஆலை நின்றிருந்தது, திரும்ப ஓடவில்லை. வழக்கு உச்சநீதிமன்றத்தில் கிடந்து, 2017இல் கம்பெனி தானே அந்த இடத்தில் இனி ஆலை நடத்தப்போவதில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டது. 2010இல் உயர்மட்டக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007இல் காலமாகிவிட்டார்.

பெருமாட்டிப் பஞ்சாயத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கிராமப் பஞ்சாயத்தின் தீர்மானம் இவ்வளவு தூரம் போகும் என்று முதலில் காட்டியவர்கள் அவர்கள். ஆனால் தீர்மானத்தில் ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது என்று பார்த்து எழுதுவது வக்கீல் வேலை என்று விட்டுவிட்டால், மக்கள் பட்ட பாட்டில் ஒரு பகுதி நீதிமன்றத்தில் வீணாகும். நூறு பேர் கையெழுத்துப் போடுகிற மனுவுக்கும் இது பொருந்தும். என்னிடம் வருகிற மனுக்களில் பல, பஞ்சாயத்தால் செய்யவே முடியாத ஒன்றைப் பஞ்சாயத்திடம் கேட்கின்றன. காட்டுயானைக்கு வனத்துறை, பட்டாவுக்கு வருவாய்த்துறை, மின்கம்பத்துக்கு மின்வாரியம். தவறான வாசலில் மாதக்கணக்கில் நின்றவர்களுக்கு, சரியான வாசல் தெரிய வரும்போது அலைந்த அலுப்பில் கேட்கவே மனம் இருப்பதில்லை.

அட்டப்பாடியில் இன்னொரு சபையும் உண்டு. இருளர், முடுகர், குறும்பர் ஊருகளில் ஊருகூட்டம். மூப்பன் தலைமையில் கூடுவது. கேரளத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் செல்லும். அதன்படி வன உரிமைக் கோரிக்கையைத் தொடங்கிவைக்கும் அதிகாரம் கிராமசபைக்கு. கேரளத்தில் ஊருகூட்டம்தான் அந்தச் சபை. அதற்குக் கோரமும் வேறு: பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் பன்னிரண்டு கிராமசபைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாக்ஸைட் சுரங்கம் வேண்டாம் என்றது இதே சட்டத்தின் பலத்தில்தான். உச்சநீதிமன்றமே அந்தச் சபைகளிடம் கேட்கச் சொல்லியிருந்தது. இடுக்கியில் முத்துவர்களின் இடமலைக்குடி 2010இல் தனிப் பஞ்சாயத்தாகவே ஆனது. அட்டப்பாடி ஊருகளில் வார்டுச் சபைக்கும் ஊருகூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் பேசப்படுவதே இல்லை. வார்டுக் கிராமசபையில் பேச வேண்டியதை ஊருகூட்டத்திலும், ஊருகூட்டம் எழுத வேண்டியதை வார்டுச் சபையிலும் எழுதிவிட்டு, இரண்டுமே செல்லாமல் போன கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது மொழிக்கு வருகிறேன். கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் மலையாளத்தில் நன்றாகக் கிடைக்கிறது. கிராமசபை நோட்டீஸ் மலையாளத்தில் வருகிறது. பஞ்சாயத்துக் கமிட்டியின் முடிவுகள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன, அவையும் மலையாளத்தில். தமிழ் மட்டும் படித்த ஒருவருக்கு அத்தனையும் பூட்டிய கதவு. மலையாளத்தின் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அந்த மொழியில் எழுதித்தான் பாதிச் சோறு சாப்பிடுகிறேன். நான் கேட்பது சட்டத்தில் இருப்பதை. அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு, ஒரு மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசின் உள்ளூர் அலுவலகங்களோடு தமிழர் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்று 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. மூணாறிலும் பீருமேட்டிலும் சித்தூரிலும் ஆனைகட்டியிலும் இதை நம்பித் தமிழில் மனுக் கொடுப்பவர் எத்தனை பேர்? "மலையாளத்தில எழுதினாத்தான் எடுப்பாங்க" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

பஞ்சாயத்துச் சட்டத்தில் கிராமசபை பற்றிய பிரிவுகள் சில பக்கங்கள்தான். அவற்றைத் தமிழில் அச்சிட்டு, தமிழ் பேசும் வார்டுகளில் வீட்டுக்கு ஒன்று கொடுக்கப் பெரிய செலவு ஆகாது. உள்ளாட்சித் துறை அதைச் செய்ய வேண்டும். ஆதிவாசி ஊருகளில் இருளர் மொழியில், முடுகர் மொழியில் வாய்விட்டுச் சொல்ல ஆள் வேண்டும். அந்த மொழி பேசும் படித்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகை போன்ற தமிழ் ஏடுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: தமிழ்நாட்டுக் கிராமசபைச் செய்தி போடும்போது, பாலக்காடு, இடுக்கிப் பதிப்புகளிலாவது அங்கே விதி வேறு என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்.

படித்துத் தெரிந்துகொண்டு என்ன பயன், எல்லாம் கட்சிக்காரர்கள்தானே தீர்மானிக்கிறார்கள் என்று என்னிடம் சொல்பவர்கள் உண்டு. கட்சி இருக்கும். ஆனால் கட்சிக்காரரும் கோரம் இல்லாமல் சபை நடத்த முடியாது. அதனால்தான் கையெழுத்துப் புத்தகம் வீட்டுக்கு வருகிறது. கூட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சமாக இருப்பார்கள். மறுநாள் ஒருவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போய், "இங்கே ஒரு கையெழுத்து, லைஃப் திட்டத்து வீட்டுக்காக" என்று வாங்குவார். நமக்கு வேலை மிச்சம் என்று போட்டுவிடுகிறோம். அந்தக் கையெழுத்தோடு, நாம் கேட்காத பேச்சுக்கும் பார்க்காத பட்டியலுக்கும் நாம் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. பிறகு பட்டியலில் நம் பேர் இல்லை என்று சொல்ல எந்த வாசலுக்குப் போனாலும், சபையில் நீங்களும் இருந்தீர்களே என்று அந்தப் பக்கத்தைக் காட்டுவார்கள். உள்ளாட்சி ஓம்புட்ஸ்மன் உண்டு, தீர்ப்பாயம் உண்டு. ஆனால் நம் கையெழுத்தே நமக்கு எதிர்ச்சாட்சியாக இருக்கும்போது அவர்கள் எதை வைத்துத் தீர்ப்பார்கள்?

கூலியை விட்டுவிட்டு வர முடியாது என்பது மட்டும் உண்மையான தடை. முதல் பஸ்ஸில் கோயம்புத்தூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் தொழிலுறப்பு என்னும் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகிறவர்களும் பகல் பதினொரு மணிச் சபைக்கு எப்படி வருவார்கள்? அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ கூட்டுங்கள் என்று மெம்பரிடம் கேட்க வேண்டும், அதையே சபையில் தீர்மானமாக எழுத வைக்க வேண்டும். ஒரு சபை நிறைந்துவிட்டால் அடுத்த சபையின் நேரத்தை யாரும் இஷ்டத்துக்கு வைக்க மாட்டார்கள்.

பள்ளத்துக்கு இந்தப் பக்கம், கோயம்புத்தூர் மாவட்ட ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும், தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் பொறுப்பு விடப்பட்டது. கேட்க ஒரு மெம்பர் இல்லாத நிலை எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பக்கம் 2025 டிசம்பரில் ஓட்டுப் போட்டுப் புதிய கமிட்டிகள் வந்திருக்கின்றன. வார்டு எல்லைகள் மாறியிருக்கின்றன. பழைய வார்டில் எழுதிய தீர்மானம் இப்போது யார் பொறுப்பு என்பதே பலருக்குத் தெரியாது. அடுத்த கிராமசபையில் முதல் வேலையாகப் பழைய மினிட்ஸை வாசிக்கச் சொல்லுங்கள், தமிழில் விளக்கவும் சொல்லுங்கள். நிறைவேறாத தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். புத்தகம் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், கூட்டத்தில் போடுகிறேன் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். பத்து சதவீதக் கையெழுத்து மனுவை எழுதத் தெரியாதவர்கள் என் கடைக்கு வரலாம். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.